ஒரே ஊரா, ஊர் ஊராகவா? மலைநாட்டு கேம்பெயினுக்கு எது தோதுப்படும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டேபிள்டாப் ரோல்பிளே குழுக்களில் ஓயாமல் வரும் கேள்வி இது. பல செஷன்களில் (ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன்) தொடரும் கதையான கேம்பெயின் முழுவதையும் ஒரே ஊரில் வைத்துக்கொள்வதா, கேரக்டர்களை ஊர் ஊராக நடக்க விடுவதா? கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரை மனதில் வைத்து உலகம் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் குழப்பும், ஏனென்றால் இரண்டுக்கும் ஏற்ற இடம் இங்கேயே இருக்கிறது. பூம்பாறை மாதிரி சரிவில் அடுக்கடுக்காக வீடும், பூண்டு வயலும், நடுவே கோயிலுமாக ஒரே ஊரை வைத்து இரண்டு வருடம் ஆட்டம் ஓட்டலாம். பெரியகுளம் சமவெளியில் தொடங்கி, வெள்ளகவி கிராமம் வழியாக மேலேறி, கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மேல்மலைக் கிராமங்களைக் கடந்து கேரளப் பக்கம் இறங்கும் பாதையிலும் அதே இரண்டு வருடத்தை ஓட்டலாம்.

கீழே வரும் விதி எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டின் 5ஆம் பதிப்பான 2014 புத்தகங்களைச் சேர்ந்தவை. 2024 திருத்தத்தில் சில மாறியிருக்கின்றன. அதை வைத்து ஆடுகிறவர்கள் தங்கள் புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளவும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

யார் வருவார்கள்? மேப்பை விரிப்பதற்கு முன் வருகைப் பதிவைப் பாருங்கள். கொடைக்கானலில் ஏப்ரல், மே சீசன் வந்துவிட்டால் ஹோம்ஸ்டேயிலும் கடையிலும் வேலை செய்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை மேசைக்குக் கூப்பிட முடியாது. மேல்மலையிலிருந்து வருகிறவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்திருப்பார். மழை பிடித்தால் கரண்ட் போகும், ஆன்லைனில் சேர்கிறவர் காணாமல் போவார். ஐந்து பேர் குழுவில் ஒவ்வொரு முறையும் ஒருவர் இருக்க மாட்டார் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

டிஎம்மின் (கதையை நடத்துகிறவர்) உழைப்பில் எவ்வளவு மிஞ்சும்? தயாரிக்கும் மணிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். தயாரித்ததில் எவ்வளவு அடுத்த செஷனுக்கும் உதவும் என்று பாருங்கள்.

ஓய்வு எத்தனை நாளைக்கு ஒருமுறை? பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் (செலவான மந்திரங்கள் திரும்பக் கிடைக்கும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவே ஆறு முதல் எட்டு என்கவுன்டர் (சண்டை போன்ற மோதல்) வரும் என்ற கணக்கில்தான் இந்தப் பதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஊரிலும் சரி, பாதையிலும் சரி, நாளுக்கு ஒன்றுதான் வரும். அப்போது விசார்ட் (மந்திரவாதி) தன் ஸ்பெல் (மந்திரம்) அத்தனையையும் ஒரே சண்டையில் கொட்டிவிடுவார். ஃபைட்டர் (போர்வீரர்) ஆடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆடுகிறவர்கள் எந்தக் கேரக்டரைக் கேட்கிறார்கள்? ரேஞ்சர் (காட்டில் தேர்ந்தவர்) எடுத்தவரை ஊருக்குள் அடைத்தால் அவருடைய பாதி திறமை வீண். கடன், சொந்தம், பகை என்று மூன்று பக்கம் பின்கதை எழுதி வந்த ரோக்கை (தந்திரக்காரத் திருடர்) காட்டுக்குள் கூட்டிப் போனால் அந்த மூன்று பக்கமும் வீண்.

செய்த காரியத்தின் விளைவு எங்கே போய்த் தங்கும்? ஊரில் அது அடுத்த தெருவிலேயே நிற்கும். பாதையில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

## ஒரே ஊர்

தொடக்கத்துக்கு எட்டு இடம், பன்னிரண்டு ஆட்கள், மூன்று தரப்பு போதும். மூன்று மணி நேர செஷனில் ஆடுகிறவர்கள் அதிகம் போனால் ஐந்தாறு பேரோடுதான் பேசுவார்கள், அதற்கு மேல் எழுதுவது டிஎம்மின் சொந்த ஆசை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன வேண்டும், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், யாரும் தடுக்காவிட்டால் என்ன செய்வார். உதாரணமாகப் பூண்டு கமிஷன் கடைக்காரர். இந்த வருட விளைச்சல் மொத்தமும் தன் கைக்கு வர வேண்டும். கோயில் பணத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஐந்தாவது வாரம் போட்டிக்காரரின் கிடங்குக்குத் தீ வைப்பார். மூன்றாவது வரிதான் உயிர். அது இல்லாத ஊர், ஆடுகிறவர்கள் கேள்வி கேட்கும் வரை அசையாமல் நிற்கும்.

ஒரே ஊரின் பலன் உடனே தெரியாது, எட்டாவது பத்தாவது செஷனில்தான் தெரியும். ஒரு திருவிழாவை எடுத்துக்கொள்வோம். சரிவான தெருவில் தேர் இறங்கும்போது முன்னால் இழுக்கிறவர்களைவிடப் பின்னால் வடம் பிடித்து நிறுத்துகிறவர்கள்தான் முக்கியம். பின்வடத்தை யாரோ அறுத்துவிடுகிறார்கள். தேர் முதல் ரவுண்டில் (எல்லாருக்கும் ஒருமுறை வாய்ப்பு வரும் சுற்று) 20 அடி, அடுத்ததில் 40, அதற்கடுத்ததில் 60 அடி உருளும். கூட்டம் 120 அடி கீழே நிற்கிறது. ஆக மூன்று ரவுண்டு. முட்டுக்கட்டை போட டிசி 15 அத்லெடிக்ஸ் (பகடையும் உடல்திறனும் சேர்ந்து 15 வர வேண்டும்), இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக. இதே காட்சியை முதல் செஷனில் வைத்தால் வெறும் பகடை உருட்டல். பத்தாவது செஷனில் வைத்தால், முட்டுக்கட்டை போடுகிற பெரியவர் யார், அவர் பேரன் கூட்டத்தில் எங்கே நிற்கிறான், வடத்தை அறுத்தவனுக்குப் போன வாரம் கடன் கொடுத்தது நம் ஆள்தானே என்று மேசையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். முதலாவது ஞாபகம். பன்னிரண்டில் தொடங்கிய பெயர்ப்பட்டியல் நாற்பதைத் தாண்டும். கடைக்காரர் மனைவி பெயரை டிஎம் மாற்றிச் சொன்னால் அதை மர்மம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு செஷன் துப்பறிவார்கள். செஷன் முடிந்த அன்றே பத்து நிமிடம் உட்கார்ந்து சீட்டுகளில் ஒரு வரி சேர்ப்பதுதான் இதற்கு ஒரே வழி, மறுநாள் என்றால் நடக்காது.

இரண்டாவது, திருத்த முடியாத தவறு. நடைவழியில் ஒரு காவலாளியைக் கொன்றால் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். இருநூறு வீட்டு ஊரில் கொன்றால் மறுநாள் காலை கடை திறக்காது. சண்டைக்காகவே வருகிற குழு என்றால் இந்த வடிவம் நான்கு செஷனில் முறிந்துவிடும்.

மூன்றாவது ஓய்வுப் பிரச்சனை. தினமும் கட்டில், தினமும் லாங் ரெஸ்ட். இதற்குப் புத்தகத்திலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு) எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். ஊர்க் கதைக்கு இது நன்றாகப் பொருந்தும், வாரச் சந்தைக்கு வாரச் சந்தை ஒரு லாங் ரெஸ்ட் என்று கணக்கு நேராகிவிடும். ஆனால் மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) போல எட்டு மணி நேரம் நிற்கும் ஸ்பெல்கள் இதில் அடிபடும், ஒரு வாரச் சண்டைகளுக்கு ஒரே ஒரு நாள்தான் காவல் கிடைக்கும். அப்படிப்பட்டவற்றை "அடுத்த இரண்டு ஷார்ட் ரெஸ்ட் முடியும் வரை" என்று முதல் நாளே மாற்றிச் சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றினால் சண்டை வரும்.

யாருக்கு இது சரி? ஆள் வருகை நிலையில்லாத குழுவுக்கு. வராதவரின் கேரக்டர் வயலுக்குப் போயிருக்கிறார், காய்ச்சலில் படுத்திருக்கிறார், மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

## ஊர் ஊராகப் பயணம்

மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் ஏறினார்கள். பயணக் கேம்பெயினுக்கு இதைவிட நல்ல பாதை தேடினாலும் கிடைக்காது. ஆனால் விதிப்புத்தகத்தை அப்படியே இதன்மேல் வைத்தால் உதைக்கும்.

சாதாரண நடையில் நாளுக்கு 24 மைல், அதாவது சுமார் 38 கிலோமீட்டர். கரடுமுரடான நிலத்தில் பாதி, சுமார் 19. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஒரு நாள். மன்னவனூர் ஏறக்குறைய 35, இரண்டு நாள். இதுவரை சரி. ஏற்றத்தைத்தான் விதி கணக்கில் எடுப்பதில்லை. பெரியகுளத்திலிருந்து கொடை ஏரி மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இதற்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கைக் கடன் வாங்கலாம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஏற்றத்துக்கு மட்டுமே மூன்று மணி நேரம் போய்விடும். எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் ஒவ்வொரு மணிக்கும் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குமா என்று பகடை), முதல் மணிக்கு டிசி 11, அடுத்ததற்கு 12. தவறினால் ஒரு படி எக்ஸாஸ்சன் (களைப்பு). இப்போது "இருட்டுக்குள் வெள்ளகவியில் தங்குவதா, ஒரே மூச்சில் மேலே போவதா" என்பது நிஜமான கேள்வியாகிவிடும்.

சாப்பாடும் அப்படித்தான். ஐந்து பேருக்கு ஆறு நாள் என்றால் 30 ரேஷன் (ஒருவரின் ஒரு நாள் உணவு), 60 பவுண்டு, சுமார் 27 கிலோ, விலை 15 தங்கக் காசு. ஆனால் ஸ்ட்ரென்த் (உடல் வலு) 10 உள்ளவரே 150 பவுண்டு சுமக்கலாம் என்பதால் இந்தச் சுமை யாருக்கும் உறைக்காது. சுமை ஸ்ட்ரென்த்தின் ஐந்து மடங்கைத் தாண்டினால் வேகம் 10 அடி குறையும் என்ற மாற்று விதியை எடுத்துக்கொண்டால் அதே ஆள் 50 பவுண்டில் தடுமாறுவார். உடனே கோவேறு கழுதை வாங்கத் தோன்றும்: 8 தங்கக் காசு, 420 பவுண்டு சுமக்கும், தீவனம் நாளுக்கு 10 பவுண்டு. வெள்ளகவிக்குக் காலங்காலமாகச் சுமை ஏற்றிப் போனவை குதிரைகள்தான். கழுதையோ குதிரையோ, குழுவில் ஒரு விலங்கு வந்துவிட்டால் செங்குத்தான படிப்பாதை, ஓடைக் கடப்பு, சிறுத்தை எல்லாவற்றுக்கும் பொருள் வந்துவிடும். பேர் வைத்துவிடுவார்கள். அப்புறம் அதைக் காப்பாற்றத் தங்கள் உயிரையே பணயம் வைப்பார்கள்.

பெரும்பாலான பயணக் கேம்பெயின்கள் எங்கே சாகின்றன? ராண்டம் என்கவுன்டரில். நாளுக்கு மூன்று முறை டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டி 18 அல்லது அதற்கு மேல் வந்தால் என்கவுன்டர் என்று வைத்தால், ஆறு நாளில் 18 உருட்டல், சராசரியாக இரண்டு மூன்று சண்டை. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்றால் ஒரு செஷன் போயே போச்சு. அதுவும் ஒவ்வொரு சண்டைக்கும் முந்திய இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்த ஆட்கள், ஆபத்து ஒன்றுமில்லை. கதையும் நகரவில்லை. இதற்கு இரண்டு மருந்து. கூரையும் கதவும் உள்ள இடத்தில் மட்டுமே லாங் ரெஸ்ட், வெட்டவெளியில் எவ்வளவு தூங்கினாலும் ஷார்ட் ரெஸ்ட்தான். அடுத்தது, உருட்டலைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு கட்டப் பயணத்துக்கும் மூன்று காட்சி மட்டும் வையுங்கள்: ஒரு பிரிபாதை, ஒரு தடை, ஒரு கண்டுபிடிப்பு.

பிரிபாதையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "இடது பக்கம் சோலைக்குள் போகிறது, நேர்வழி, ஆனால் புது யானை லத்தி கிடக்கிறது. வலது பக்கம் புல்வெளி, சுற்று, மூடுபனி ஏறுகிறது." இதைச் சொல்லாமல் "இடதா வலதா" என்று மட்டும் கேட்டால் காசு சுண்டிப் போடுவார்கள். வழி தவறும் விதி இங்கே கை கொடுக்கும். காட்டிலும் மலையிலும் டிசி 15 சர்வைவல் (காட்டில் பிழைக்கும் திறன்), திறந்த புல்வெளியில் 5. பனி மூடினால் புல்வெளியையும் 15 ஆக்கிவிடுங்கள், மேல்மலைப் புல்வெளியில் நடந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். தவறினால் திரும்பப் பாதை பிடிக்க டி6 (ஆறு பக்கப் பகடையில் விழும் எண்) மணி நேரம்.

தடை என்றால் சண்டை என்று இல்லை. காட்டெருமை ஒன்று ஒற்றையடிப் பாதையை மறித்து நிற்கிறது. கொடை டவுனுக்குள்ளேயே சாதாரணமாக நடக்கும் காட்சி. ஒரு மணி நேரம் காத்திருப்பதா, கழுதையோடு சரிவில் இறங்கிச் சுற்றுவதா?

கண்டுபிடிப்புக்குத் தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகள் போல ஒன்று போதும், அல்லது ஓர் ஊர் வழக்கம். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பு போட்டு நடப்பதில்லை. இதைக் கதையில் வைத்தால், ஊர் எல்லையில் நிற்கும் பாட்டி "தம்பி, செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்பார், வேக மந்திரம் ஏற்றிய பூட்ஸ் போட்ட ரோக் முழிப்பார்.

பயணத்தின் மறைமுகச் செலவில் பெரியது, எறிந்துவிடும் தயாரிப்பு. அவர்கள் போகாத ஊருக்கு எழுதியதெல்லாம் குப்பை. அதனால் இடத்தோடு கட்டாமல் ஆளோடு கட்டி எழுதுங்கள், அந்த ஆளை அடுத்த ஊரில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது வராதவர் பிரச்சனை. நடுக்காட்டில் செஷன் முடிந்து, அடுத்த வாரம் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி) ஆடுகிறவர் வரவில்லை என்றால் கேரக்டரை எங்கே வைப்பது? சுமைக் குதிரையோடு பின்னால் வருகிறார் என்று ஒருமுறை சொல்லலாம், மூன்றாம் முறை சிரிப்பார்கள். எனவே எந்த செஷனும் தங்குமிடத்தில்தான் முடிய வேண்டும். கடிகாரத்தில் இருபது நிமிடம் மிச்சம் இருக்கும்போது எந்தக் காட்சியாக இருந்தாலும் சுருக்கி அவர்களைச் சாவடிக்குக் கொண்டு சேர்த்துவிடுங்கள்.

யாருக்குச் சரி? மாதம் ஒருமுறை கூடினாலும் தவறாமல் எல்லாரும் வருகிற நிலையான நாலு பேருக்கு. புது இடம் பார்க்கும் ஆசையுள்ளவர்களுக்கு. அரசியல் பேச்சு அலுத்தவர்களுக்கு.

## ஊரிலிருந்து போய்வருவது

நடுவழி. ஊர் ஒன்று, அதைச் சுற்றி ஒரு நாள் நடையில் ஆறேழு இடங்கள், ஒவ்வொரு செஷனும் ஊரில் தொடங்கி ஊரில் முடியும். அன்றைக்கு யார் வந்தார்களோ அவர்கள்தான் கிளம்பிய குழு. வருகைப் பிரச்சனைக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை. திரும்பி வரும் நேரத்தைக் காப்பதில்தான் சிக்கல். மூன்று மணி செஷனில் இரண்டாவது மணி முடிவதற்குள் "திரும்பலாமா?" என்று டிஎம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் சுரங்கத்தின் நடுவில் கடைசி பஸ் நேரம் வந்துவிடும். கதையின் ஆழம் கொஞ்சம் குறையும், அதை ஏற்றுக்கொண்டுதான் இதை எடுக்க வேண்டும்.

## குழுவே ஊராக நகர்வது

இதை யோசிக்கிறவர்கள் குறைவு. பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தினமும் இடம் மாறுகிறது, ஆட்கள் மாறுவதில்லை. அதே சமையல்காரர், அதே குருசாமி, அதே சண்டைக்கார அண்ணன் தம்பி. கேம்பெயினில் இருபது முப்பது பேர் நடக்கும் ஒரு கூட்டத்தை வைத்து, ஆடுகிறவர்களை அதன் காவலாக நியமித்தால் ஊரின் உறவும் பாதையின் புதுமையும் சேர்ந்து கிடைக்கும். வராதவரின் கேரக்டர் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருப்பார். ஓய்வு விதியும் சுலபம்: கூட்டம் முழுநாள் தங்கும் மடங்களில் மட்டும் லாங் ரெஸ்ட்.

செலவு என்ன? வேகம் கூட்டத்தின் கையில், நாளுக்கு 12 மைலைத் தாண்ட முடியாது. முப்பது பேருக்கு நாளுக்கு 30 ரேஷன், 60 பவுண்டு சாப்பாடு. பாதையை விட்டு விலகி ஒரு குகையைப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டத்தை யார் காப்பது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். சில குழுக்களுக்கு அந்தக் கேள்விதான் ருசி, சிலருக்கு அது கால்கட்டு. போய்ச் சேரும் இடமும் நாளும் முன்கூட்டியே தெரியும் என்பதால் எட்டு முதல் பன்னிரண்டு செஷனில் முடியும் கதைக்கு இதுதான் பொருத்தம், அதற்கு மேல் இழுத்தால் சலித்துவிடும்.

| | ஒரே ஊர் | பயணம் | போய்வருவது | நகரும் கூட்டம் |
|---|---|---|---|---|
| ஆள் குறைந்தால் | தாங்கும் | முறியும் | நன்றாகத் தாங்கும் | தாங்கும் |
| தொடக்கத் தயாரிப்பு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| பத்தாவது செஷனில் தயாரிப்பு | குறைவு | மாறாது | குறைவு | குறைவு |
| லாங் ரெஸ்ட் | ஏழு நாள் விதி | கூரை, கதவு விதி | ஊரில் மட்டும் | மடத்தில் மட்டும் |
| மிளிரும் கேரக்டர் | ரோக், பார்ட் (பாணர்) | ரேஞ்சர், ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) | எல்லாரும் ஓரளவு | கிளெரிக், பாலடின் (புனிதப் போர்வீரர்) |
| வழக்கமான சாவு | பெயர்க் குழப்பம் | ராண்டம் சண்டை | நேரம் தவறுவது | இழுத்துக்கொண்டே போவது |

## எந்த லெவலில் எது

ஊரில் தொடங்கி, கொஞ்சம் பலம் வந்ததும் உலகம் சுற்றக் கிளம்புவதுதான் வழக்கம். விதிகளைப் பார்த்தால் இது தலைகீழ். பசியும் களைப்பும் வழி தவறுவதும் லெவல் 1 முதல் 4 வரைதான் கடிக்கும். லெவல் 5இல் கிளெரிக்குக்குக் கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் வந்துவிடும், பதினைந்து பேருக்கு ஒரு நாள் சோறு. விசார்டுக்கு டைனி ஹட் (மந்திரக் குடிசை) வந்துவிடும், அதுவும் ரிச்சுவலாக (நிதானமாக ஓதும் சடங்கு), ஸ்லாட் (ஸ்பெல் போடும் வாய்ப்பு) செலவே இல்லாமல். கூரையும் கதவும் வேண்டும் என்ற விதிக்குள் இந்தக் குடிசை அடங்குமா என்று அன்றைக்கே கேட்பார்கள், அடங்காது என்று முன்பே எழுதி வையுங்கள். லெவல் 9இல் டெலிபோர்டேஷன் சர்க்கிள், நொடியில் வேறிடம் சேர்க்கும் ஸ்பெல். அதன்பின் பாதை என்பதே பேச்சுக்குத்தான். லெவல் 1இலேயே ஓட்டை போடக்கூடியவை இரண்டு: ட்ரூயிட்டின் குட்பெர்ரி, ஒரு ஸ்லாட்டுக்குப் பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. அவுட்லேண்டர் பின்னணி, தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் உணவும் நீரும் தேடித்தரும். இரண்டில் ஒன்று மேசையில் இருந்தால் சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிட்டுச் சுமை, ஏற்றம், பனி மூன்றிலும் கவனம் வையுங்கள்.

ஊரோ லெவல் 5க்கு மேல்தான் சுவாரசியமாகிறது. ஃபயர்பால் 20 அடி ஆரம், அடுக்கு வீடுகள் உள்ள சரிவில் அதை எறிகிறவர் யாரென்று ஊரே கேட்கும். அப்போது பஞ்சாயத்துக்கும் வியாபாரிக்கும் கோயிலுக்கும் நம் கேரக்டர்கள் தேவைப்படுவார்கள், அவர்களைக் கண்டு ஊர் பயப்படவும் செய்யும். எனவே இரண்டும் வேண்டும் என்கிற குழுவுக்கு எங்கள் பரிந்துரை: நான்கு லெவல் வரை ஏறு பாதை, ஐந்தில் மேலே ஓர் ஊரில் குடியேற்றம்.

உலகம் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஊர்ப் பெயரை மாற்றிவிடுங்கள், கும்பிடும் தெய்வத்தை மான்ஸ்டராக்காதீர்கள். பளியர்கள் இந்த மலையில் இன்றும் வாழும் மக்கள். அவர்களை "காட்டுவாசிக் கூட்டம்" என்று என்கவுன்டர் பட்டியலில் போடுவது சோம்பேறித்தனம் மட்டுமில்லை, மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரையாவது காயப்படுத்தும்.

## பாதியில் மாற்ற வேண்டி வந்தால்

பயணத்திலிருந்து ஊருக்கு மாறுவது சுலபம். ஒழுகுகிற கூரையோடு ஒரு வீட்டைக் கூலியாகக் கொடுங்கள், அதைச் சரிசெய்ய 200 தங்கக் காசு ஆகும் என்று சொல்லுங்கள், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாதையில் சந்தித்தவர்களில் மூன்று பேரை அந்த ஊருக்கு வரவழைத்துவிட்டால் புது ஆட்களை எழுதும் வேலையும் குறையும்.

ஊரிலிருந்து பயணத்துக்கு மாறுவதுதான் கஷ்டம். ஊரை எரித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பத்து செஷனாகச் சேர்த்த ஆட்கள் எல்லாரும் ஒரே இரவில் போய்விடுவார்கள், அடுத்த ஊரில் யாரோடும் பழக மனம் வராது. அதற்குப் பதில் ஊருக்காகவே கிளம்ப வையுங்கள்: வடுகபட்டிச் சந்தை மாதிரி கீழே ஒரு பூண்டுச் சந்தை, அங்கே போன மூட்டைகளுக்குப் பணம் வரவில்லை, வாங்கி வர வேண்டும். போக நான்கு நாள், வர ஆறு நாள், ஏனென்றால் திரும்பும்போது ஏற்றம். கிளம்பும் முன் ஒவ்வொரு ஊர்ச் சீட்டிலும் "பத்து நாளில் இவர் என்ன செய்திருப்பார்" என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால், அவர்கள் திரும்பி வரும் செஷனுக்குத் தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை.